மண் ஊருடையதாக இருக்கட்டும்

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். இங்கிலாந்தில் கால்பந்து ஸ்டேடியம், ஊரை நிர்வகிக்கும் உள்ளாட்சி அமைப்பான கவுன்சிலிடம் இருந்தால் ஊருக்கு நல்லதா, கிளப்பிடம் இருந்தால் நல்லதா? கவுன்சிலிடம்தான் என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர், கவுன்சில் கைவைத்துக் கெட்ட ஊர்கள் என்று கவென்ட்ரியையும் நார்த்தாம்டனையும் காட்டி, "ஆடுகிறவனுக்கே மைதானம் சொந்தமாக இருக்கட்டும்" என்றார்.

ஆடுகிறவன் யார், நடுவர் அவர்களே? சட்டப்படி கிளப் ஒரு கம்பெனி. பங்கை வாங்கியவர் முதலாளி. அணி தோற்கும், கடன் ஏறும், கடைசியில் விற்பதற்கு மிச்சம் இருப்பது ஊர் நடுவே இருக்கிற நிலம்தான். பிரைட்டன் நகரின் கிளப்பில் இதுதான் நடந்தது. கிளப்பைக் கலைத்தால் மிஞ்சும் பணம் பங்குதாரர் பைக்குப் போகக் கூடாது என்று அந்தக் கம்பெனியின் விதிகளில் ஒரு வரி இருந்தது. அந்த வரியை எடுத்தார்கள். 1995-இல் கிளப்பின் கோல்ட்ஸ்டோன் மைதானத்தைக் கடைகள் கட்டுவதற்கு விற்றார்கள். மாற்று இடம் எதுவும் கையில் இல்லை. 1997 ஏப்ரலில் அங்கே கடைசி ஆட்டம். அடுத்த இரண்டு சீசன்களுக்குச் சொந்த ஊர் ஆட்டத்தைப் பார்க்கவே சுமார் எழுபது மைல் தள்ளி ஜில்லிங்காம் போக வேண்டியிருந்தது.

1999-இல் ஊர் திரும்பினார்களே, எந்த மைதானத்துக்கு? கவுன்சிலுக்குச் சொந்தமான வித்டீனுக்கு! அது தடகள மைதானம். புல்தரைக்கும் ரசிகருக்கும் நடுவே ஓடுதளம். பெரும்பாலான இருக்கைகளுக்கு மேலே கூரை கிடையாது, மழை வந்தால் நனைய வேண்டியதுதான். ஆனாலும் 12 ஆண்டுகள் அந்தக் கிளப்புக்கு ஊரில் ஓர் இடம் இருந்தது. 2011-இல் ஃபால்மரில் புது ஸ்டேடியம் எழும்பும்வரை அதைத் தாங்கியது கவுன்சில் நிலம்.

ஹல் நகருக்கு வாருங்கள். கவுன்சில் தன் தொலைபேசி நிறுவனப் பங்குகளை விற்று வந்த பணத்தில் ஸ்டேடியம் கட்டி, 2002 டிசம்பரில் திறந்தது. கால்பந்தும் ரக்பி லீகும் அங்கேயே நடக்கின்றன. பின்னாளில் கிளப் முதலாளி நிலத்தையே விலைக்குக் கேட்டார், கவுன்சில் மறுத்தது. அவர் கோபித்தார், கிளப்பின் பெயரையே மாற்றப் பார்த்தார், 2022-இல் கிளப்பை விற்றுவிட்டுப் போனார். ஸ்டேடியம் ஊரின் கையிலேயே இருக்கிறது.

இனி கவென்ட்ரி. நண்பர் பாதியைத்தான் சொன்னார். பழைய ஹைஃபீல்ட் ரோடு மைதானம் கிளப்புக்குச் சொந்தம். புது ஸ்டேடியம் எழும்பும் முன்பே அதை விற்றது கிளப்தான். புது ஸ்டேடியத்தை நடத்தும் நிறுவனத்தில் பாதி கவுன்சிலுடையது, பாதி கிளப்புடையது. தன் பாதியையும் கிளப் ஓர் அறக்கட்டளைக்கு விற்றுவிட்டது. பிறகு கிளப்புக்கு ஆண்டுக்கு 12 லட்சம் பவுண்டுக்கு மேல் வாடகை. அணி 2012-இல் மூன்றாம் நிலை லீகுக்கு இறங்கியபோதும் வாடகை இறங்கவில்லை. கவுன்சில் தவறியது இங்கேதான், அதை மறைக்க மாட்டேன். வாடகை நின்றது, வழக்கு வந்தது, 2013-இல் அணி நார்த்தாம்டனுக்குப் போனது. 2014-இல் கவுன்சில் தன் பங்கை 27.7 லட்சம் பவுண்டுக்கு வாஸ்ப்ஸ் என்ற வேற்றூர் ரக்பி கிளப்புக்குக் கொடுத்தது. குத்தகை 250 ஆண்டுகளுக்கு நீண்டது. வாஸ்ப்ஸ் அந்த ஸ்டேடியத்தை வைத்து 3.5 கோடி பவுண்டு கடன்பத்திரம் வெளியிட்டு, 2022-இல் நொடித்தது. இதற்கிடையே கவென்ட்ரி அணி இன்னும் இரண்டு சீசன்கள் பர்மிங்காமில் ஆடியது. கவுன்சில் வைத்திருந்ததால் வந்த கேடா இது? கைவிட்டதால் வந்த கேடு!

நார்த்தாம்டனில் கவுன்சில் கிளப்புக்குக் கடனாகக் கொடுத்த ஒரு கோடியே இரண்டரை லட்சம் பவுண்டில் கிழக்கு கேலரி அரைகுறையாக நின்றது. உண்மைதான். அது கடன் கொடுத்ததில் வந்த தவறு. கட்டிய அளவை இன்ஜினியர் அளந்து சான்று தந்த பிறகே தவணை விடுவது என்ற ஒரே விதி அந்தப் பணத்தைக் காப்பாற்றியிருக்கும்.

"நிலத்தைக் காக்கத்தான் 2011-இன் உள்ளாட்சிச் சட்டம் இருக்கிறதே" என்றும் நண்பர் சொன்னார். அந்தச் சட்டப்படி மைதானத்தைச் சமுதாயச் சொத்தாகப் பதிவு செய்தால், அது விற்பனைக்கு வரும்போது ரசிகர்களுக்குக் கிடைப்பது, பணம் திரட்ட ஆறு மாத அவகாசம். அவர்களுக்கே விற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆறு மாதத்தில் ரசிகர் சங்கம் எத்தனை கோடி திரட்டும்?

ஆகவே நான் கேட்பது, நிலவுரிமை கவுன்சிலிடம், நல்ல குத்தகை கிளப்பிடம். மான்செஸ்டரில் காமன்வெல்த் போட்டிக்குக் கட்டிய ஸ்டேடியத்துக்கு 2003-இல் சிட்டி கிளப் குடிவந்தபோது, பழைய மைதானத்தில் வந்திருக்கக் கூடியதைவிடக் கூடுதலாக வரும் கூட்டத்தின் டிக்கெட் வசூலில்தான் கவுன்சிலுக்குப் பங்கு இருந்தது. கூட்டம் குறைந்தால் சுமையும் குறையும். அதோடு லீக் இறங்கினால் வாடகையும் இறங்க வேண்டும். ஆட்ட நாளின் உணவு விற்பனையும் பார்க்கிங் வசூலும் கிளப்புக்கே சேர வேண்டும். அது இல்லாமல்தான் கவென்ட்ரி மூச்சுத் திணறியது. கூரை, விளக்கு, புல்தரைப் பராமரிப்புக்கு ஆண்டுதோறும் தனிக்கணக்கில் பணம் ஒதுங்க வேண்டும். குத்தகையைக் கைமாற்றவோ அடமானம் வைக்கவோ கவுன்சிலின் முழு மன்றம் வெளிப்படையாக வாக்களித்துச் சம்மதிக்க வேண்டும். இந்த நிபந்தனைகளைப் போட நிலம் ஊரின் கையில் இருந்தாக வேண்டும், நடுவர் அவர்களே. எங்கள் அணிக்குத் தீர்ப்பு வழங்குங்கள். வணக்கம்.