அம்மா வீட்டுக் கேமரா

நேயர்களுக்கு வணக்கம். குரலுக்குக் கட்டுப்படும் விளக்கு, கைப்பேசியில் திறக்கும் பூட்டு என்று ‘ஸ்மார்ட் ஹோம்’ சாதனங்கள் பல வந்துவிட்டன. அவற்றில் ஒன்றைப் பற்றி மட்டும் பேசுகிறேன். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள், தனியாக இருக்கும் பெற்றோரின் ஹாலில் மாட்டிவிட்டுப் போகிற கேமரா.

பிள்ளைகளைக் குறை சொல்ல வரவில்லை. அம்மா போனை எடுக்காவிட்டால் யாருக்குத்தான் பதறாது? அவர்களுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: எழுந்து நடமாடுகிறாரா, இல்லையா. ஆனால் கேமரா அத்தோடு நிற்பதில்லை. அவர் நைட்டியில் கால் நீட்டிப் படுத்திருப்பது, பக்கத்து வீட்டு அக்காவிடம் மனம் விட்டு அழுவது எல்லாமே சேர்ந்து போகிறது.

இதற்கு மாற்றாக, அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் மைனட் குழுவினர் 2001-இல் ஓர் அருமையான யோசனையை முன்வைத்தார்கள். அதன் பெயர் ‘டிஜிட்டல் ஃபேமிலி போர்ட்ரெய்ட்’. பிள்ளையின் வீட்டுச் சுவரில், திரை வடிவில் அம்மாவின் படம். படத்தைச் சுற்றிலும் நாளுக்கு ஒன்றாக 28 பட்டாம்பூச்சிகள். அம்மா வீட்டில் அன்றைக்கு நடமாட்டம் அதிகம் என்றால் பட்டாம்பூச்சி பெரிதாகத் தெரியும், குறைந்தால் சிறுத்துவிடும். அங்கே கேமரா கிடையாது, நடமாட்டத்தை உணரும் சென்சார்கள் மட்டும்தான். பிறகு ஒரு நிஜக் குடும்பத்தில் ஓராண்டு வைத்தும் பார்த்தார்கள்.

எனக்கு இதில் பிடித்தது என்ன தெரியுமா? பட்டாம்பூச்சி சிறுத்திருந்தால் காரணம் திரையில் தெரியாது. போன் போட்டு, “என்னம்மா, உடம்பு சரியில்லையா?” என்று கேட்டுத்தான் ஆக வேண்டும். கேமரா இருந்தால் ஒரு பார்வை பார்த்துவிட்டு நம் வேலைக்குத் திரும்பிவிடலாம். பேச்சு குறைந்துபோவது அம்மாவுக்குத்தான் முதலில் உறைக்கும்.

சரி, அம்மா கீழே விழுந்தால் உடனே சொல்ல இந்தப் பட்டாம்பூச்சிப் படம் உதவுமா? உதவாது. அதற்குக் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் அவசரப் பொத்தான் இருக்கிறது. எப்போது அழுத்துவது என்பது அவர் முடிவு.

கேமராதான் வேண்டும் என்றால், மாட்டுவதற்கு முன்பே அவர்களிடம் கேளுங்கள். எந்த அறையில் வேண்டாம், எந்த நேரத்தில் வேண்டாம் என்று அவர்களே சொல்லட்டும். நினைத்தபோது அணைக்க, கைக்கெட்டும் உயரத்தில் ஒரு சுவிட்ச் வைத்துக் கொடுங்கள். அப்புறம், அது அணைந்திருக்கும் நாளில் “ஏம்மா அணைச்சே?” என்று கேட்காதீர்கள். வணக்கம்.