ஒற்றைக் கால் கொலுசு

நடுவர் அவர்களே, எங்கள் அணித் தலைவர் அவர்களே, எதிரணியில் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அண்ணன்மார்களே, ஆடித் திருவிழா வண்டி வேடிக்கை பார்க்கக் கிளம்பி, நாற்காலி காலியாக இருந்ததால் இங்கே உட்கார்ந்துவிட்ட சேலத்துச் செவ்வாய்ப்பேட்டை, குகைப் பகுதி மக்களே, எல்லாருக்கும் வணக்கம்.

"கணவன் மனைவி மகிழ்ச்சிக்குத் துணை நிற்பது விவரமான பேச்சா, விளையாட்டுப் பேச்சா?" இதுதான் தலைப்பு. விளையாட்டுப் பேச்சே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய அண்ணன், "கல்யாணம் ஆயிரங்காலத்துப் பயிர், அதை விளையாட்டாகவா நடுவார்கள்?" என்று கேட்டார். பத்துப் பொருத்தம், சம்பளம், வீட்டுக் கடன், போடுகிற பவுன் எல்லாவற்றையும் பேசித் தீர்த்த பிறகுதான் கை பிடிக்க வேண்டும் என்றார். முழங்கால் போட்டு மோதிரம் நீட்டுவதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு என்று ஒரு போடு போட்டார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். நல்ல குரல் அண்ணனுக்கு.

மோதிரம் வெளிநாட்டுச் சரக்காகவே இருக்கட்டும். விளையாட்டு யார் சரக்கு? கலித்தொகையில், குறிஞ்சிக்கலியில் கபிலர் ஒரு வீட்டுக்குள் நம்மைக் கூட்டிப்போகிறார். ஒரு பெண். சின்ன வயதில் அவள் கட்டிய மணல் வீட்டைக் காலால் சிதைத்தவன், பந்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடியவன், ஒருநாள் வாசலில் வந்து நின்று குடிக்கத் தண்ணீர் கேட்கிறான். அம்மா உள்ளே இருக்கிறாள். தண்ணீர் கொடுக்கப் போன பெண்ணின் கையைப் பிடித்துவிடுகிறான். "அம்மா, இவன் செய்ததைப் பார்" என்று அவள் கத்த, அம்மா அலறிக்கொண்டு ஓடிவருகிறாள். பெண் என்ன சொன்னாள் தெரியுமா? "உண்ணுநீர் விக்கினான்." தண்ணீர் குடிக்கும்போது அவனுக்கு விக்கலாம்! அந்த அப்பாவித் தாய் அவன் முதுகை நீவிவிடுகிறாள். அவன் கடைக்கண்ணால் இவளைப் பார்த்துச் சிரிக்கிறான்.

அண்ணே, இதில் ஜாதகம் எங்கே இருக்கிறது? பவுன் எங்கே இருக்கிறது? ஒன்றை மட்டும் கவனியுங்கள். அவன் விளையாட்டாகக் கேட்டான். அவள் கத்தியபோதே, வேண்டாம் என்று நினைத்திருந்தால், உள்ளதை உள்ளபடி சொல்லி அவனை விரட்டியிருக்கலாம். வேண்டும் என்று நினைத்தாள், விக்கல் என்றாள். முடிவு அவள் கையில் இருந்தது. நான் பேச வந்த விஷயமே இதுதான்.

இனி என் கதை. என் வீட்டுக்காரர் இதோ இந்தப் பேட்டையில்தான் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். அப்பா வழியில் தூரத்து உறவு, மாமன் மகன் முறை வரும். 1999ஆம் ஆண்டு, என் கொலுசு இரண்டிலும் திருகாணி நிற்கவில்லை என்று சரிசெய்யக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்துப் போனால், காகிதத்தில் மடித்து ஒரே ஒரு கொலுசு தந்தார். கூடவே பட்டறைச் சீட்டு. எடை, கூலி எழுதும் சீட்டு. அதில் எழுதியிருந்தது: "ஒரு கால் தயார். மறு கால், பொண்ணு பதில் சொன்ன பிறகு."

எனக்குப் புரியவில்லை என்று சொல்ல மாட்டேன். நன்றாகவே புரிந்தது. ஆனால் நான் என்ன செய்தேன்? அடுத்த நாள் அந்த ஒற்றைக் கொலுசையும் கொண்டுபோய், "திருகாணி இன்னும் ஆடுதுங்க" என்று திருப்பிக் கொடுத்தேன். அவர் ஒரு வார்த்தை பேசாமல் முடுக்கித் தந்தார். நாலு நாள் கழித்து மறுபடி போனேன். மறுபடி முடுக்கினார். மூன்று தடவை! அந்த மூன்று தடவையும் நான் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. யோசித்துக்கொண்டிருந்தேன். அவருக்கும் அது தெரியும். எனக்குப் பிடிக்காமல் போயிருந்தால், "எங்க இன்னொரு கால்?" என்று கணக்காகக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். அவருக்கும் அவமானம் இல்லை, எனக்கும் சங்கடம் இல்லை. நாளைக்கு ஒரு விசேஷ வீட்டில் பார்த்தால், "என்ன மாமா, சாப்பிட்டாச்சா?" என்று சாதாரணமாகக் கேட்டிருக்கலாம்.

நாலாவது தடவை அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். "ரெண்டு காலையும் எடை போட்டுக் கொடுங்க" என்றேன். அவர் கை நடுங்கித் தராசே ஆடியது. அப்பாவுக்குக் கடைசி வரை அந்தச் சீட்டு விவகாரம் தெரியாது.

இப்போது அண்ணன் சொல்லும் விவரமான வழியைப் பாருங்கள். பதினைந்து பேர் வேனில் வந்து இறங்குவார்கள். கேசரி, பஜ்ஜி, காபி. "பொண்ணைக் கூப்பிடுங்க." எல்லார் முன்னாலும் நிற்க வைத்து, "பிடிச்சிருக்கா?" என்று கேட்பார்கள். பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் அந்த வீட்டில் ராத்திரி சோறு சாப்பிட முடியுமா? பெரியம்மா ஒரு பக்கம், அத்தை ஒரு பக்கம் சமாதானத்துக்கு உட்கார்ந்துவிடுவார்கள். விவரமெல்லாம் பேசினீர்கள் சரி, மறுக்க ஒரு சந்து விட்டீர்களா?

நியாயமாக இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், எங்கள் தலைவர் கோபித்தாலும் பரவாயில்லை. மேடையில், ஒலிபெருக்கியில், ஊரே செல்போனைத் தூக்கிப் படம் பிடிக்க, ஒரு பையன் திடீரென்று "என்னைக் கட்டிக்கிறியா?" என்று கேட்கிறானே, அது விளையாட்டே இல்லை. அதுவும் அந்தப் பதினைந்து பேர் வேன்தான், ஆள் மட்டும் அதிகம். அந்தப் பெண் தலையாட்டாமல் என்ன செய்வாள்? ஒருவர் சிரித்து ஒருவர் நெளிந்தால் அதற்குப் பேர் வேறு. "விளையாட்டு வினையாகும்" என்று எதிரணி பழமொழி சொல்வது அந்த மாதிரி ஆட்டத்துக்குத்தான் பொருந்தும்.

பட்டறையில் வெள்ளியை ஒட்டவைக்கப் பொடி வைத்து ஊதுவார்கள், பேட்டைக்காரர்களுக்குத் தெரியும். நெருப்பை மட்டும் நேராகக் காட்டினால் வெள்ளி உருகும், ஒட்டாது. நடுவில் கொஞ்சம் பொடி வேண்டும். "பொடி வைத்துப் பேசுகிறான்" என்று சும்மாவா சொன்னார்கள்!

கல்யாணம் ஆன வருடம் தலை ஆடி. ஆடி ஒன்றாம் தேதி நம் ஊரில் தேங்காய் சுடுவோமே, மாப்பிள்ளை விருந்துக்கு வந்தவர் நானும் சுடுகிறேன் என்று உட்கார்ந்தார். தேங்காய்க் கண்ணைத் துளைத்து, பாசிப்பருப்பு, வெல்லம், அவல், எள் எல்லாம் போட்டு, அழிஞ்சிக் குச்சியைச் செருகி நெருப்பில் காட்டினால், பிள்ளையாருக்குப் படைப்பதற்குள் டப்பென்று வெடித்துவிட்டது. "உங்க பொண்ணு பக்கத்துல வந்தா தேங்காய்க்கே தாங்கலை மாமா" என்றார் எங்கள் அப்பாவிடம். அந்த மாதம் முழுக்க என்னை அம்மா வீட்டில் விட்டுவிட்டுப் போகவேண்டும் அல்லவா? போனார். மூன்று நாளைக்கு ஒருமுறை வாசலில் வந்து நின்றார். கேட்டால், "திருகாணி பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்!"

ஏற்காடு ஆட்டம் ஒன்று உண்டு எங்களுக்கு. அடிவாரத்திலிருந்து மேலே போக 20 கொண்டை ஊசி வளைவு. கல்யாண நாள் அன்று பஸ்ஸில் போவோம். வளைவுக்கு ஒரு குறை சொல்லவேண்டும், மாறி மாறி. எதிராளி குறுக்கே பேசக்கூடாது, இறங்கும்போதுதான் பதில். "துண்டை ஈரத்தோடு கட்டில்ல போடறீங்க", இது மூன்றாவது வளைவு. "உன் தம்பிக்குக் கொடுத்த பணத்தை என்கிட்ட சொல்லலை", இது பன்னிரண்டாவது வளைவு. பாருங்கள், கனமான விஷயமெல்லாம் பாதி மலைக்கு மேல்தான் வரும். வீட்டில் கேட்டிருந்தால் மூன்று நாள் அடுப்பு எரியாது. பஸ்ஸில், பக்கத்து சீட்டுக்குக் கேட்காமல், வளைவு திரும்புவதற்குள் சொல்லவேண்டும் என்றால் கோபத்தை எவ்வளவு சுருக்கவேண்டியிருக்கிறது! ஏரிக்கரையில் இறங்கி மிளகாய் பஜ்ஜி வாங்கும்போது இரண்டு பேருக்கும் சண்டை போடத் தெம்பு இருக்காது. நான் நிறையக் குறை சேர்த்து வைத்திருக்கும் வருடங்களில் மட்டும், "இந்தத் தடவை வளைவு கம்மியா இருக்கிற குப்பனூர் வழியா போலாமா?" என்பார்.

விவரமான பேச்சை நாங்கள் பேசவே இல்லையா? பேசினோம் அண்ணே. 2020இல் ஊரடங்கு. பட்டறையில் அடுப்பு பற்றவைக்கவில்லை. வேலையாட்களுக்குக் கொடுக்கப் பணம் இல்லை. அவர் மூன்று வாரம் சரியாகப் பேசவில்லை, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கடன் எவ்வளவு, கையில் எவ்வளவு என்று நோட்டில் எழுதிக் கணக்குப் பார்த்தோம். கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆள்தான் எழுந்திருக்கவில்லை. அன்று ராத்திரி என் காலிலிருந்து ஒரு கொலுசை மட்டும் கழற்றி நோட்டின் மேல் வைத்தேன். ஒரு துண்டுச் சீட்டும் வைத்தேன். "ஒரு கால் தயார். மறு கால், மாப்பிள்ளை சிரித்த பிறகு."

சிரித்தார். அழுதார் என்றும் சொல்லலாம், எனக்கு விளக்கு வெளிச்சத்தில் சரியாகத் தெரியவில்லை. அடுத்த நாள் யாரைப் பார்த்து என்ன கேட்பது என்று அவரே பேச ஆரம்பித்தார்.

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துக்கொள்கிறேன். அன்று கழற்றிய கொலுசு கடையைத் திறந்ததும் விற்பனைக்குப் போய்விட்டது. ஊருக்கெல்லாம் கொலுசு செய்கிறவர் வீட்டில் இன்று வரை நான் ஒற்றைக் கொலுசோடுதான் நடக்கிறேன். கேட்டால், "உன் சத்தம் பாதி போதும் எனக்கு" என்கிறார்.

நடுவர் அவர்களே, மூன்றாவது வரிசையில், நீலச் சட்டை போட்டுக்கொண்டு, இப்போது செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்திருக்கிறாரே, அவர்தான். தீர்ப்பு சொல்வதற்கு முன்னால் அவரிடம் ஒன்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள். மறு கால் எப்போது?