தடை போட்டது வெளிநாடு, பணிய வைத்தது மக்கள்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

தென்னாப்பிரிக்காவின் வெள்ளையர் ஆட்சி நிறவெறிச் சட்டங்களைக் கைவிட்டது வெளிநாட்டுத் தடைகளாலா, உள்நாட்டு மக்களாலா என்பது தலைப்பு. மக்களால்தான் என்று அடித்துச் சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணி நண்பர், "1985-இல் அமெரிக்காவின் சேஸ் மன்ஹாட்டன் வங்கி கடனைப் புதுப்பிக்க மறுத்தது, அந்நாட்டு நாணயமான ராண்ட் சரிந்தது, ஆட்சி ஆடிப்போனது" என்றார். நடந்தது உண்மை. ஆனால் ஐயா, 1960-இல் ஷார்ப்வில் என்ற ஊரில் கறுப்பின மக்கள் 69 பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்ற பிறகும் கால் நூற்றாண்டு கடன் கொடுத்தவைதானே மேலைநாட்டு வங்கிகள்? 1985-இல் மட்டும் ஏன் கையை விரித்தார்கள்? 1984 செப்டம்பரில் ஜோகன்னஸ்பர்க்குக்குத் தெற்கே, வால் ஆற்றுப் பகுதியில் வாடகை உயர்வுக்கு எதிராகக் கிளம்பிய போராட்ட நெருப்பு ஊர் ஊராகப் பரவி, 1985 ஜூலையில் அரசு அவசர நிலை அறிவித்தது. அதே மாதக் கடைசியில் வங்கி பின்வாங்கியது. போட்ட பணம் திரும்பாது என்ற பயம்! அந்தப் பயத்தை ஊட்டியவர்கள் யார்? அந்த வால் பகுதியின் செபோகெங் ஊர்த் தெருவில் நின்ற ஜனங்கள்.

இன்னொன்று கேளுங்கள். கறுப்பர் நகரத்துக்குள் இருக்க வேண்டுமானால் சட்டைப்பையில் ஒரு பாஸ் புத்தகம் வேண்டும். அந்த ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் 'டோம்பாஸ்', மடப் பாஸ். முதலாளி கையெழுத்து விடுபட்டிருந்தால் சிறை. அந்தச் சட்டத்தைச் சாகடித்தது யார்? கேப் டவுன் ஓரத்துக் கிராஸ்ரோட்ஸ் குடிசைப் பகுதிப் பக்கம் போய்ப் பாருங்கள். பாஸ் இல்லாமலே கணவனோடு வாழ வந்த பெண்கள், கிளைகளை நட்டு பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக் குடிசை போட்டார்கள். போலீஸ் வந்து பிய்த்தெறியும். ஊருக்கு விரட்டி பஸ் ஏற்றும். அவர்கள் திரும்பி வந்து மறுபடி தாளை விரிப்பார்கள். எத்தனை பேரை எத்தனை முறை விரட்ட முடியும்? 1986 ஜூலையில் பாஸ் சட்டம் ஒழிந்தது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் பெரிய தடைச் சட்டம் வந்தது அந்த அக்டோபரில்! காலண்டரே எங்கள் பக்கம் பேசுகிறது.

ஆசை காட்டியும் பார்த்தார்கள். 1984-இல் இந்திய வம்சாவளியினருக்கு நாடாளுமன்றத்தில் தனி அவை, தேர்தல். கிழக்குக் கரை மாகாணமான நேட்டாலின் தமிழர்களும் அதில் அடக்கம். பதிவு செய்த இந்திய வாக்காளர்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேர் வாக்களிக்கவே போகவில்லை. கறுப்பரை வெளியே நிறுத்திவிட்டுத் தனக்கு மட்டும் போட்ட நாற்காலியில் உட்கார மறுத்தார்களே, அதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

கடைசியாக போர்ட் எலிசபெத் நகரம். 1985-இல் அங்கே கறுப்பின மக்கள் வெள்ளையர் கடைப் படி ஏறவில்லை. கல்லா காய்ந்தது. பொறுக்க முடியாமல் வெள்ளை வியாபாரிகளே, பிடித்து வைத்திருக்கும் தலைவர்களை விடுங்கள் என்று அதிகாரிகளிடம் போய் நின்றார்கள். நவம்பரில் விட்டார்கள். எந்த நாடு, ஐயா, அந்தக் கடைகளுக்குத் தடை போட்டது? நடுவர் அவர்களே, தீர்ப்பை எங்கள் அணிக்குத் தாருங்கள். நன்றி.