சின்ன கவுன்டி, ரெண்டு மீடியன்: எதை நம்பறது? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

வணக்கம். இந்தக் கேள்வி வந்ததுலேருந்து மனசுக்குள்ளயே சுத்திக்கிட்டிருக்கு. அமெரிக்காவுல இருக்கிற நம்ம நேயர் ஒருத்தர் கேட்டிருக்கார்: "எங்க கவுன்டி சின்னது. வீடுகளோட மீடியன் வருமானம் எவ்வளவுன்னு தேடினா, சென்சஸ் பீரோவே ரெண்டு தொகை சொல்லுது. 20 வருஷத்துக்குக் கோடு வரையணும். எதை எடுக்கறது?"

ரொம்ப நல்ல கேள்வி. கவுன்டின்னா நம்ம மாவட்டம் மாதிரி. மீடியன்னா எல்லா வீட்டு வருமானத்தையும் வரிசையா நிறுத்தினா நடுவுல வர்றது. முதல்ல ஒண்ணு. சின்ன கவுன்டியோட மீடியனை யாரும் வீடு வீடா எண்ணிச் சொல்றதில்ல. அது மதிப்பீடு. 2000 வரைக்கும் 10 வருஷத்துக்கு ஒருதடவை, சுமார் ஆறு வீட்டுக்கு ஒரு வீடுன்னு நீளமான சென்சஸ் படிவம் போச்சு. 2005லேருந்து அமெரிக்கன் கம்யூனிட்டி சர்வே வருஷம் முழுக்க நடக்குது. நாடு முழுக்க வருஷத்துக்குச் சுமார் 35 லட்சம் முகவரி. லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டியில ஒரு கோடிப் பேர் இருக்காங்க. டெக்சாஸ்ல லவிங் கவுன்டியில 2020 சென்சஸ்ல இருந்தது 64 பேர்! ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்தான், ஆனா பானை முழுக்க ஒரே அரிசியா இருக்கணுமே. வருமானம் அப்படி இல்ல.

அதனால முழுசான ஒரு வருஷக் கணக்கை 65,000 பேருக்கு மேல இருக்கிற இடங்களுக்குத்தான் போடறாங்க. மத்ததுக்கு 5 வருஷப் பதில்களை ஒண்ணாச் சேர்த்து ஒரே மதிப்பீடு. அதுதான் அவர் பார்த்த முதல் தொகை.

எங்க வீட்டுக்கும் ஒருதடவை அந்தப் படிவம் வந்துச்சு. 15 வயசுக்கு மேல ஒவ்வொருத்தருக்கும் சம்பளம், சொந்தத் தொழில், வட்டி-வாடகைன்னு பிரிச்சுப் பிரிச்சுக் கேட்பாங்க; தொழில்ல நஷ்டம்னா அதுக்கும் ஒரு கட்டம் இருக்கு. கேட்கறது காலண்டர் வருஷம் இல்ல, "கடந்த 12 மாசம்". நாங்க மார்ச்ல நிரப்பினோம், இன்னொரு வீட்டுல அக்டோபர்ல நிரப்பியிருப்பாங்க. ரெண்டு பேரும் சொல்ற 12 மாசம் வேற வேற. பிற்பாடு விலைவாசிக் குறியீட்டை வச்சுச் சரிக்கட்டறாங்க.

ரெண்டாவது தொகை, சின்னப் பகுதிகளோட வருமானம், வறுமை ரெண்டுக்கும்னே சென்சஸ் பீரோ வச்சிருக்கிற தனித் திட்டத்துலேருந்து வருது. சுருக்கமா சைப்பி (SAIPE). சர்வே பதிலை மட்டும் நம்பாம, வரித்துறைக்குப் போன வருமானக் கணக்கு மாதிரி வேற தகவல்களையும் வச்சு, வருமானம் எவ்வளவு இருக்கும்னு கணிக்கிற ஒரு மாடல் கட்டறாங்க. சர்வே பதில் உறுதியா இருக்கிற பெரிய கவுன்டியில அதுக்கே எடை அதிகம்; பதில் குறைவான இடத்துல மாடல் சொல்றதுக்கு எடை அதிகம். 1979ல ராபர்ட் ஃபே, ரோஜர் ஹெரியட் ரெண்டு பேரும் சின்ன ஊர்களுக்காகக் கொண்டுவந்த வழி இது. எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை.

உங்க கோட்டுக்கு சைப்பிதான் பொருத்தம், ஏன்னா வருஷத்துக்கு ஒரு தொகை கிடைக்குது. ஆனா 2005ல அடிப்படை சர்வேயே மாறிச்சு, அந்த இடத்துல ஒரு குறி போட்டுக்கங்க. 5 வருஷக் கணக்குதான் வேணும்னா 2012–2016ஐயும் 2013–2017ஐயும் பக்கத்துல வைக்காதீங்க. நாலு வருஷம் ரெண்டுலயும் பொது. 2012 போய் 2017 வந்திருக்கு, அவ்வளவுதான். 2008–2012க்கு அடுத்து 2013–2017னு எடுங்க. பக்கத்துல போட்டிருக்கிற பிழை வரம்பையும், அதாவது தொகை எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம்ங்கறதையும், விடாமப் பாருங்க. எல்லாத் தொகையையும் ஒரே வருஷ டாலருக்கு மாத்திக்கங்க. கவுன்டியே மாறியிருக்கான்னும் பாருங்க: 2001ல கொலராடோவுல புரூம்ஃபீல்ட் நாலு கவுன்டியிலேருந்து பிரிஞ்சு வந்துச்சு.

அப்புறம் நான் எப்பவும் சொல்றது, நம்ம பழைய நேயர்களுக்கு மனப்பாடம்: மீடியன்களைக் கூட்டிச் சராசரி எடுக்கக் கூடாது! மறுபடியும் பாருங்க. ஒரு கவுன்டியில மூணு வீடு: 20, 30, 100 ஆயிரம் டாலர். மீடியன் 30. பக்கத்துக் கவுன்டியில 80, 90, 95. மீடியன் 90. சராசரி எடுத்தா 60. ஆறு வீட்டையும் வரிசையா நிறுத்துங்க: 20, 30, 80, 90, 95, 100. நடுவுல 80, 90. மீடியன் 85. 60 எங்க, 85 எங்க!

இதெல்லாம் சரி. ஆனா அவர் இன்னொண்ணு கேட்டிருக்கணும்னு எனக்கு ஆசை: கோடு மேல போச்சுன்னா, உயர்ந்தது யாரோட வருமானம்?

வடக்கு டகோட்டாவுல மெக்கென்சி கவுன்டி. 2010ல 6,360 பேர். பாக்கன்னு ஒரு பாறைப் படுகையிலேருந்து எண்ணெய் வந்துச்சு. 2020ல 14,704 பேர். அப்போ 2020ல இருந்தவங்கள்ல பாதிக்கு மேல 2010ல அங்க இல்லாதவங்க. எண்ணெய் வேலைச் சம்பளத்தோட புதுசா ஆளுங்க வந்தா, பழைய விவசாயி வீட்டுல ஒரு டாலர் கூடாமலே மீடியன் ஏறும். வாடகை கட்டுப்படியாகாம ஏழைக் குடும்பம் ஊரை விட்டுப் போனாலும் ஏறும். ஊர் செழிச்சுதுன்னு பேப்பர்ல தலைப்பு வரும். போனவங்க அந்தக் கணக்குலயே இல்ல. எனக்கு இது ஆறவே மாட்டேங்குது.

அதனால மீடியனோட நிறுத்தாதீங்க. அதே சர்வேயில வருமானத்தை 16 அடுக்காப் பிரிச்சு, ஒவ்வொண்ணுலயும் எத்தனை வீடுன்னு ஒரு அட்டவணை இருக்கு. 2008–2012க்கும் 2013–2017க்கும் எடுத்து, அடுக்குகளை ஒரே வருஷ டாலருக்குக் கொண்டுவந்து பக்கத்துல வையுங்க. கீழ் அடுக்கு வீடுகள் அப்படியே இருந்து மேல மட்டும் புதுசாக் கூடியிருக்கா, இல்ல கீழ் அடுக்கே காலியாயிடுச்சா? ஒரு வருஷம் முன்னாடி எங்க குடியிருந்தீங்கன்னு கேட்ட அட்டவணையையும் சேர்த்துப் பாருங்க. உங்க கவுன்டி பேரை எழுதி அனுப்புங்க, அடுத்த பகுதியில அதையே எடுத்துப் போட்டுப் பார்ப்போம்.