இடையனிடம் விலைக்கு வாங்கிய பாட்டு

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம். கடைத்தெருவில் ஒலிக்கும் ஒரு காதல் பாட்டு, காரணம் விளங்காமலேயே மனத்தை இறைவன் பக்கம் திருப்பிவிடுவதை உங்களில் பலர் உணர்ந்திருப்பீர்கள். அந்த உணர்வுக்குச் சமயத்தின் நடுவிலேயே இடம் கொடுத்தவர்கள், யூத சமயத்தின் பக்தி இயக்கமொன்றைச் சேர்ந்த ஹசிதிய யூதர்கள். படைப்பின்போது சிதறிய தெய்வ ஒளியின் பொறிகள் உலகப் பொருள்கள் அனைத்திலும் சிறைப்பட்டுள்ளன, அவற்றை மீட்டு உயர்த்துவது மனிதரின் கடமை என்பது 16ஆம் நூற்றாண்டில் இன்றைய இஸ்ரேலின் சஃபேத் நகரில் வாழ்ந்த யூத மறைஞானி ஐசக் லூரியாவின் போதனை. வயல்வெளிப் பாட்டிலும் அந்தப் பொறி உண்டு என்று ஹசிதியர்கள் நம்பினார்கள்.

ஹங்கேரியில் அந்நெறியை வேரூன்றச் செய்தவர், 1821இல் மறைந்த ரப்பி, அதாவது யூத சமய குரு, இட்ச்சாக் ஐசக் தௌப். அவரைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. வெளியில் நடந்துகொண்டிருந்தவர், ஓர் ஆட்டிடையன் பாடுவதைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டாராம். சேவல் கூவுகிறது, விடியப்போகிறது, பச்சைக் காட்டில் ஒரு பறவை உலவுகிறது என்று போகும் நாட்டுப்பாட்டு அது. ரப்பி காசு கொடுத்து அதை வாங்கினார். வாங்கியவுடன் அவருக்குப் பாட்டு முழுவதும் மனப்பாடமாயிற்று, இடையனுக்கோ அடியோடு மறந்துபோயிற்று. அவர் அதை இலவசமாக எடுத்துக்கொள்ளவில்லை, விலை கொடுத்தார் என்பதை மீண்டும் சொல்கிறேன். எளிய மனிதரின் பாட்டுக்கு அவர் காட்டிய மரியாதை அது. சேவலையும் பறவையையும் நீக்காமல், எருசலேம் ஆலயம் மீண்டும் எழும் நாளைப் பற்றிய எபிரேய வரியை அவற்றோடு சேர்த்துக்கொண்டார். விடியலுக்குக் காத்திருக்கும் பறவை, நாடிழந்து காத்திருக்கும் மக்களாயிற்று.

இதற்கு எதிர்த்திசையில் நடந்தவர், 1934இல் கனடாவின் மாண்ட்ரியலில் பிறந்த யூதப் பாடகரும் கவிஞருமான லெனார்ட் கோஹென். யூதப் புத்தாண்டிலும் யோம் கிப்பூர் நோன்பிலும் ஓதப்படும் 'உனெதானே தோகெஃப்' என்னும் மன்றாட்டு, வரும் ஆண்டில் யார் நீரால் மடிவார், யார் நெருப்பால் மடிவார் என்று அடுக்கிக்கொண்டே போகும். மனந்திரும்புதலும் பிரார்த்தனையும் தர்மமும் தீர்ப்பின் கடுமையைத் தணிக்கும் என்று ஆறுதலும் சொல்லும். 1974இல் வெளியான 'ஹூ பை ஃபயர்' பாட்டில் கோஹென் அந்த அடுக்கை எடுத்துக்கொண்டு, தனிமையையும் தூக்க மாத்திரையையும் அதில் சேர்த்தார். ஆறுதலைச் சொல்லாமல், அழைப்பவர் யார் என்ற கேள்வியோடு நிறுத்தினார். இதை நம்பிக்கையின் இழப்பு என்பவர்களோடு நான் உடன்படவில்லை. சோதோம் நகருக்காக இறைவனிடமே வழக்காடிய ஆபிரகாமின் மரபில், கேள்வி கேட்பதும் தொழுகைதான்.

நேரம் முடியப்போகிறது. கோஹென் மறைவதற்குச் சில வாரங்கள் முன்பு, 2016 அக்டோபரில் வெளிவந்த 'யூ வாண்ட் இட் டார்க்கர்' இசைத்தொகுப்பின் தலைப்புப் பாட்டில், சிறுவயதில் அவர் சென்ற ஷார் ஹஷோமாயிம் தொழுகைக்கூடத்தின் பாடகர் குழுவே உடன் பாடியிருக்கிறது. விரிவாகச் சொல்ல இப்போது இயலவில்லை, வாய்ப்புள்ளவர்கள் கேட்டுப்பாருங்கள். நன்றி, வணக்கம்.