பர்மிங்காம்: மேயர் நாற்காலி கிடைத்த பிறகு

வணக்கம் நேயர்களே.

அமெரிக்காவின் தெற்கே, அலபாமா மாநிலத்தில் உள்ள பர்மிங்காம் நகரத்தைப் பற்றி இன்று பேசலாம் என்று வந்திருக்கிறேன். அந்தப் பெயரைக் கேட்டதும் 1963-ஆம் ஆண்டுதான் பலருக்கு நினைவுக்கு வரும். இனப் பாகுபாட்டை எதிர்த்து ஊர்வலம் போன கறுப்பினப் பிள்ளைகள் மீது புல் கானர் என்ற நகர ஆணையர் போலீஸ் நாய்களை ஏவினார், தீயணைப்புக் குழாய்களால் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்க வைத்தார். அதே ஆண்டு செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை காலை, பதினாறாம் தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் வெள்ளை இனவெறியர்கள் வைத்த குண்டு வெடித்து நான்கு கறுப்பினச் சிறுமிகள் இறந்தார்கள். மூன்று பேருக்கு 14 வயது, ஒருத்திக்கு 11. குற்றவாளிகளில் ஒருவனைத் தண்டிக்கவே 1977 ஆகிவிட்டது. கடைசி ஆள் தண்டனை பெற்றது 2002-இல்.

இதுவரை பலரும் அறிந்ததுதான். அதற்கு அப்புறம் அந்த ஊரில் என்ன நடந்தது என்பதைத்தான் நான் சொல்ல விரும்புகிறேன்.

கறுப்பின மக்களின் வாக்குரிமையைக் காக்கும் சட்டம் 1965-இல் வந்தது. அதுவரை பர்மிங்காம் போலீசில் ஒரு கறுப்பினத்தவர்கூட இல்லை. முதல் ஆளைச் சேர்த்ததே 1966-இல்தான். 1968-இல் ஆர்தர் ஷோர்ஸ் என்ற வழக்கறிஞர் நகர மன்றத்தின் முதல் கறுப்பின உறுப்பினராக நியமிக்கப்பட்டார். ஐந்தாண்டுகளுக்கு முன்புதான் அவர் வீட்டில் இரண்டு முறை குண்டு வைத்திருந்தார்கள். அவர் குடியிருந்த பகுதிக்கே 'டைனமைட் மேடு' என்று பெயர் வந்துவிட்டது. வெள்ளையர் தெருவை ஒட்டி வீடு வாங்கிய கறுப்பினக் குடும்பங்களுக்குக் கிடைத்த வரவேற்பு அது.

1971-இல் ரிச்சர்ட் ஆரிங்டன் மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். குத்தகை விவசாயியாக இருந்து, பிறகு எஃகு ஆலையில் வேலைக்குப் போனவரின் மகன். விலங்கியலில் முனைவர் பட்டம் பெற்ற பேராசிரியர். மேடையில் முழங்கும் ஆள் இல்லை, அமைதியானவர். ஆனால் போலீஸ் அடித்ததாக வந்த புகார்களை ஒவ்வொன்றாகச் சேகரித்து, மன்றத்தில் எழுந்து படித்தார். ஆண்டுக்கணக்கில் அதைச் செய்தார். அந்தப் பொறுமையை நான் பெரிதாக மதிக்கிறேன். பின்னால் நடந்ததற்கெல்லாம் அடித்தளம் அதுதான்.

1979 ஜூன் 22. பொனிட்டா கார்ட்டர் என்ற 20 வயதுப் பெண்ணை போலீஸ்காரர் ஒருவர் சுட்டுக் கொன்றார். ஒரு கடையில் வேறொருவர் துப்பாக்கியால் சுட்டுத் தகராறு செய்திருந்தார். அந்த ஆளின் காரில் பொனிட்டா இருந்தார். அவரிடம் ஆயுதம் எதுவும் இல்லை. மேயரே அமைத்த குடிமக்கள் குழு விசாரித்து, சுடுவதற்குப் போதிய காரணம் இல்லை என்றது. அந்த மேயர் டேவிட் வான். அவரை இனவெறியர் என்று சொல்லிவிட முடியாது. புல் கானரின் ஆட்சிமுறையையே மாற்றப் பாடுபட்ட வெள்ளையர், கறுப்பின மக்களின் வாக்கும் சேர்ந்துதான் அவர் மேயரானார். ஆனாலும் அந்தப் போலீஸ்காரரை வேலையிலிருந்து நீக்க மறுத்துவிட்டார்.

அந்த மறுப்பு ஊரையே திருப்பிப் போட்டது. நல்லெண்ணம் உள்ள ஒரு வெள்ளை மேயர் இருந்தால் போதும் என்ற நம்பிக்கை அன்றோடு போயிற்று. மக்கள் ஆரிங்டனை நிற்கச் சொல்லி வற்புறுத்தினார்கள். அக்டோபரில், இரண்டாம் சுற்றில், குறைந்த வித்தியாசத்தில் அவர் வென்றார். கறுப்பின வாக்குகள் ஏறக்குறைய முழுவதும் அவருக்கே விழுந்தன. வெள்ளையரில் மிகச் சிலரே வாக்களித்தார்கள். அவரே நகரத்தின் முதல் கறுப்பின மேயர். 1999 வரை, இருபது ஆண்டுகள் அந்தப் பதவியில் இருந்தார்.

சரி, நாற்காலி கிடைத்தது. அதில் உட்கார்ந்து என்ன செய்ய முடிந்தது? நகர வேலைகளில் கறுப்பின மக்களைச் சேர்க்க 1981-இல் நீதிமன்றம் வழியாக ஓர் ஒப்பந்தம் ஆனது. வெள்ளைத் தீயணைப்பு வீரர்கள் அதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். அந்த வழக்கைத் தொடர அவர்களுக்கு உரிமை உண்டு என்று 1989-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அதற்குப் பதில் சொல்ல 1991-இல் அமெரிக்க நாடாளுமன்றமே சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. ஒரு நகரத்துத் தீயணைப்பு நிலையத்தில் யாருக்கு வேலை, யாருக்குப் பதவி உயர்வு என்பதற்கே இத்தனை போராட்டம்.

இதற்கிடையே வசதி உள்ளவர்கள் ஊரை விட்டுக் கிளம்பினார்கள். 1960-இல் பர்மிங்காமின் மக்கள் தொகை 3,40,887. 2020-இல் 2,00,733. மலைக்கு அந்தப் பக்கம் மவுன்டன் புரூக், வெஸ்டேவியா ஹில்ஸ் போன்ற வெள்ளையர் ஊர்கள் செழித்தன. அவற்றுக்குத் தனி நிர்வாகம், தனிப் பள்ளிகள், தனி வரி. வேலைக்கு மட்டும் நகரத்துக்கு வந்து போனார்கள். ஆட்சி கறுப்பின மக்களிடம் வந்த அதே காலத்தில் வரிப்பணம் எல்லையைத் தாண்டிப் போய்விட்டது.

கறுப்பினத் தலைவர்கள் எல்லாரும் நல்லவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. லாரி லாங்ஃபோர்ட் மேயராக இருக்கும்போதே, மாவட்ட நிர்வாகத்தில் இருந்த காலத்தில் வாங்கிய லஞ்சத்துக்காக 2009-இல் குற்றவாளி என்று தீர்ப்பாகிப் பதவி இழந்தார். அவர் செய்தது குற்றம். ஆனால் அந்த ஒருவரைக் காட்டி 'இவர்களுக்கு ஆளத் தெரியாது' என்று பேசுபவர்கள், வெள்ளை ஆட்சியாளர்களின் ஊழலைப் பார்த்து அப்படிச் சொல்வதில்லை.

என்னை அதிகம் கோபப்படுத்துவது மாநில அரசின் வேலை. அலபாமாவின் 1901 அரசியல் சட்டம் வெள்ளையர் ஆதிக்கத்தை நிலைநாட்டவே எழுதப்பட்டது. அதை எழுதிய மாநாட்டின் தலைவர் அவையிலேயே அப்படிச் சொன்னார். உள்ளாட்சிகளின் கையைக் கட்டி, அதிகாரத்தைத் தலைநகர் மாண்ட்கோமரியில் குவித்த சட்டம் அது. அதன் விளைவு இன்றும் தொடர்கிறது. அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலப் படைக்கு பர்மிங்காம் பூங்கா ஒன்றில் நினைவுத்தூண் இருந்தது. 2017-இல் நகரம் அதன் அடிப்பகுதியைப் பலகையால் மறைத்தது. மாநிலம் வழக்குப் போட்டு 25,000 டாலர் அபராதம் வாங்கியது. 2020 ஜூன் மாதம் மேயர் ராண்டல் வுட்ஃபின் அந்தத் தூணையே அகற்றினார், சட்டம் என்ன சொல்லும் என்று தெரிந்தே.

தூணை விடுங்கள், கூலிக்கு வருவோம். உணவகத்திலும் கடையிலும் வேலை செய்பவர்களின் குறைந்தபட்ச ஊதியத்தை மணிக்கு 7.25 டாலரிலிருந்து 10.10 டாலராக உயர்த்த பர்மிங்காம் நகர மன்றம் 2016 பிப்ரவரியில் முடிவு செய்தது. நகரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் கறுப்பின மக்கள்; அந்த உயர்வு பெரும்பாலும் அவர்கள் கைக்குத்தான் போயிருக்கும். எந்த நகரமும் தனியாக ஊதியம் நிர்ணயிக்கக் கூடாது என்று மாநிலச் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தவர் மவுன்டன் புரூக்கைச் சேர்ந்த உறுப்பினர். அதே மாதம் ஆளுநர் கையெழுத்திட்டார், நகரத்தின் சட்டம் செல்லாமல் போனது. இது இனப் பாகுபாடு என்று தொழிலாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2018-இல் மேல்முறையீட்டு நீதிபதிகள் மூவர் வழக்கை ஏற்றார்கள். அடுத்த ஆண்டு அதே நீதிமன்றத்தின் முழு அமர்வு, இவர்கள் இப்படி வழக்குத் தொடுக்க முடியாது என்று தள்ளிவிட்டது. பாகுபாடு உண்டா இல்லையா என்ற கேள்விக்குள் அந்தத் தீர்ப்பு போகவே இல்லை.

அலபாமாவுக்கென்று தனிக் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் கிடையாது. மத்திய அரசு 2009-இல் வைத்த 7.25 டாலர்தான் இன்றைக்கும் பர்மிங்காமில் சட்டப்படியான கூலி.