உப்பும் சீனியும் சேர்ந்து போகும் வாசல்

வணக்கம் நேயர்களே. மழை பிடித்தால் நம்ம தோட்டங்களில் பீலித் தண்ணீர் கலங்கிவிடும், கொஞ்ச நாளில் லயத்தில் ஏதாவது ஒரு பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்துவிடும். அப்போது என்ன கொடுக்கிறோம்? சாயத்தண்ணி, இல்லையென்றால் வெறும் சுடுதண்ணீர், சிலர் கடைச் சோடா. இவை ஏன் போதாது என்பதற்குக் காரணம் குடலில் இருக்கிறது.

குடற்சுவரின் ஒவ்வொரு கலத்தையும் ஒரு மென்சவ்வு மூடியிருக்கிறது. கொழுப்பாலான இரண்டு அடுக்கு, ஒரு மில்லிமீற்றரை லட்சம் கூறு போட்டால் அதில் ஒரு கூறு அளவுகூட தடிப்பில்லை. ஒட்சிசன் அதற்குள் தானாகவே நுழைந்துவிடும். உப்பிலுள்ள சோடியத்தால் அது முடியாது, சீனியாலும் முடியாது, அவற்றுக்குப் புரத வாசல்கள் வேண்டும். அதில் ஒரு வாசல் 2 சோடியமும் 1 குளுக்கோசும் சேர்ந்து வந்தால்தான் உள்ளே விடும், அவை போனதும் தண்ணீரும் பின்னாலேயே போகும். கலத்தின் மறுபக்கத்தில் ஒரு பம்பு ஓயாமல் 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொற்றாசியத்தை உள்ளே எடுக்கிறது, அதனால்தான் கலத்துக்குள் சோடியம் எப்போதும் குறைவு, அதனால்தான் வெளியிலிருந்து சோடியம் உள்ளே பாய்கிறது.

கொலரா நஞ்சு குளோரைட்டு வெளியேறும் வாசலை மூடவிடாமல் செய்துவிடும், தண்ணீர் லீற்றர் கணக்கில் போகும். ஆனால் நான் சொன்ன அந்தச் சேர்ந்து போகும் வாசலை அது கெடுப்பதில்லை! 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் சேலைன் தீர்ந்துகொண்டிருந்தபோது டாக்டர் திலீப் மகாலனபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தே ஏராளமானோரைக் காப்பாற்றினார். எனக்கு மருத்துவத்திலேயே பெரிய விஷயம் இதுதான்.

சாயத்தண்ணியில் சீனி உண்டு, உப்பில்லை. சோடாவில் சீனி மிதமிஞ்சி இருப்பதால் அது குடலிலேயே தங்கி உடம்புத் தண்ணீரையும் வெளியே இழுக்கும். உலக சுகாதார ஸ்தாபனத்தின் கலவையில் 1 லீற்றருக்கு 13.5 கிராம் குளுக்கோசும் 2.6 கிராம் உப்பும் இருக்கின்றன, இந்தக் கணக்கு முக்கியம். அதனால் இந்தக் கலவைத் தூள் வரும் ஜீவனி பக்கெட்டில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுவதையும் கொட்டிக் கலக்குங்கள், கண்மட்டத்துக்குக் குறைத்துவிடாதீர்கள். கொதித்து ஆறிய தண்ணீர்தான். சின்னப் பிள்ளைக்குத் தேக்கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள், வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி தொடங்குங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ, கண் குழிவிழுந்து பிள்ளை சோர்ந்து கிடந்தாலோ, உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள், வழியிலும் ஊட்டிக்கொண்டே போங்கள்.